46 கிலோவுக்கு ஒரு ஸ்னோபோர்டு: சேலம், திருச்செங்கோடு, நாமக்கல் ஒரே நாளில்

பொங்கல் கழிந்த அடுத்த சனிக்கிழமை, காலை ஆறரை மணிக்கு நானும் மகேஸ்வரியும் அஸ்தம்பட்டி பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். ஸ்னோபோர்டு வாங்கப் புறப்பட்டிருந்தோம். மஃப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கி வந்த எதிர்வீட்டுக்காரர், எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "பனியில சறுக்குறதுங்களா? அதுக்கு எதுக்குங்க திருச்செங்கோடு போறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை முழுவதும் அதற்கான பதில்தான்.

மகேஸ்வரி எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர். வயது முப்பத்து மூன்று. இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். நான் முப்பத்தொரு வருடம் செய்தியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு ஊர் சுற்றி இந்தத் தளத்தில் எழுதுகிறேன். வழக்கமாக மலை, அருவி என்று எழுதும் இடத்தில் இதை எழுதக் காரணம், அன்று ஒரே நாளில் நாங்கள் கற்றுக்கொண்டது ஒல்லியான உடம்போடு பனிச்சறுக்கு ஆசைப்படும் எல்லோருக்கும் பயன்படும் என்பதுதான்.

மகேஸ்வரிக்கு ஆசை மட்டுமல்ல, ஒரு கணக்கும் இருந்தது. அவர் இரண்டு குளிர்காலம் காஷ்மீரின் குல்மார்க் போய்ப் பயிற்சி எடுத்தவர். இரண்டாவது முறை உதவிப் பயிற்சியாளர் தேர்வு எழுதினார். அதில் ஒரு பகுதி கார்விங். பலகையை அதன் இரும்பு விளிம்பின் மேல் சாய்த்து ஓட்ட வேண்டும். சரியாகச் செய்தால் பனியில் கத்தியால் கீறியது போல ஒரு மெல்லிய கோடு விழும். தவறினால் பலகை பக்கவாட்டில் வழுக்கித் துடைப்பம் போட்டுக் கூட்டியது போல அகலமான தடம் விழும். தொடர்ந்து ஆறு திருப்பம், ஆறும் கோடாக விழ வேண்டும். மகேஸ்வரிக்கு ஆறும் துடைப்பமாக விழுந்தன. மற்ற எல்லாப் பகுதியிலும் தேறி, இதில் தோற்றார்.

பிப்ரவரியில் மறுதேர்வு. கிளினிக்கில் மூன்றாவது முறையாக விடுப்புக் கேட்டபோது டாக்டர் கொடுத்தார், ஆனால் இதுதான் கடைசி என்று சொல்லியே கொடுத்தார். தேறினால் குளிர்காலம் மூன்று மாதம் அங்கே வேலை கிடைக்கும். தேறாவிட்டால் இந்த விளையாட்டையே மூட்டை கட்டி வைத்துவிடுவதாக அவரே முடிவு செய்திருந்தார். சென்ற வருடம் வாடகைக்குக் கிடைத்த பலகை 158 சென்டிமீட்டர் நீளம், எண்பது கிலோ ஆளுக்கானது. மகேஸ்வரியின் எடை கிளினிக் தராசில் 46.2 கிலோ. பனிக்கான காலணியும் உடுப்பும் சேர்த்தால் 49.

"பலகை சரியில்லைன்னு சொல்றது ஆடத் தெரியாதவ சாக்கு மாதிரி இருக்குதுக்கா," என்றார் ஒருமுறை. "ஆனா எங்க மாஸ்டரோட சின்னப் பலகைய ஒரே ஒரு ரவுண்டு வாங்கி ஓட்டுனேன். அப்போ கோடு விழுந்துச்சு."

அந்த ஒரு ரவுண்டை நம்பித்தான் கிளம்பினோம். கையிருப்பு இருபதாயிரம் ரூபாய். புதிய கார்விங் பலகையை வெளிநாட்டிலிருந்து தருவித்தால், சுங்க வரியோடு சேர்த்து, நாங்கள் விசாரித்தவரை ஐம்பதாயிரத்துக்குக் கீழே எதுவும் இல்லை. அதனால் பழையது. பழையது எங்கே இருக்கிறது என்பதைக் கிளினிக்குக்கு இடுப்பு வலியோடு வரும் ரிக் வண்டித் தொழிலாளி ஒருவர் சொன்னார். திருச்செங்கோட்டில் அவருடைய முதலாளி வீட்டில் இந்தச் சறுக்குப் பலகை நாலைந்து கிடக்கிறதாம்.

அதற்கு முன் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. 6.45க்கு வந்த நகரப் பேருந்தில் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போனோம். சுமார் ஐந்து கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் இடத்தில், மேலே போகிறவர்களுக்கு ஹெல்மெட், கூடாரம், ரெயின்கோட் வாடகைக்கு விடும் கடை. யாரோ வைத்துவிட்டுப் போன ஸ்னோபோர்டு ஒன்றை அந்தக் கடைக்காரர் சுவரில் அலங்காரமாக மாட்டியிருந்தார். விலை 9,000.

மகேஸ்வரி அதை இறக்கித் தரையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் குறுக்கே பாதத்தை வைத்தார். பலகை அகலம் நடுவில் 26.2 சென்டிமீட்டர். அவர் பாதம் 23. விரல் பக்கம் ஒன்றரை, குதிகால் பக்கம் ஒன்றரை காலியாக இருந்தது. கால் விளிம்புக்கு எட்டாவிட்டால் பலகையைச் சாய்க்க இரட்டிப்பு பலம் வேண்டும். நீளமும் 162.

"பெருசா இருந்தா நல்லதுதானே மேடம்," என்றார் கடைக்காரர். "நீங்க இருக்குற இருப்புக்குக் காத்தடிச்சாலே பறந்துருவீங்க. கனமான பலகையா இருந்தாத்தான் புடிச்சு நிறுத்தும்."

"என்னை நிறுத்துறதுக்கு இல்லீங்க, ஓடுறதுக்கு," என்றார் மகேஸ்வரி.

ஒல்லியானவருக்குக் கனமான பலகை என்ற யோசனையை அன்று நாங்கள் கேட்டது அது முதல் தடவை. கடைசி தடவை இல்லை. ஏழே முக்காலுக்கு அங்கிருந்து கிளம்பினோம்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. இருவருக்கும் 130 ரூபாய். 8.40க்குத் திருச்செங்கோடு பேருந்து கிளம்பியது. ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம் வழி. கட்டணம் ஆளுக்கு 42 ரூபாய். ஆட்டையாம்பட்டியில் ஒரு பெண்மணி முறுக்குப் பொட்டலங்களோடு ஏறினார். மகேஸ்வரி நாற்பது ரூபாய்க்கு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, போனில் பார்த்த பலகைப் படங்களை எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார். நீளமான, விறைப்பான, முன்மூக்கு கூர்ந்த பலகைகள். அதில் ஆட்கள் முழங்கை பனியில் உரசப் படுத்துக்கொண்டே போகிறார்கள். "இப்படி ஒண்ணு கிடைச்சா போதும்க்கா," என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினார். செய்தியாளர் வேலையில் பழகிய புத்தி, அந்த ஆளின் எடை என்ன என்று கேட்டேன். போட்டிருக்கவில்லை.

10.10க்குத் திருச்செங்கோடு. மலைமேல் கோயில் வெயிலில் பளீரென்று இருந்தது. அந்த முதலாளி தங்கவேலின் வீடு ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூறு கேட்டு எண்பதுக்கு வந்தார்கள். தங்கவேலுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். இரண்டு ரிக் வண்டி வைத்திருக்கிறார். அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரம் பூட்டிய லாரிகள். இந்த ஊர் ரிக் வண்டிகள் போகாத மாநிலம் கிடையாது. தங்கவேலின் வண்டி மூன்று வருடம் இமாச்சலில் குலு பக்கம் வேலை செய்தது. அங்கே ஒரு வாடகைக் கடையைக் காலி செய்தபோது, மலிவாக வருகிறதே என்று ஐந்து பலகைகளை வாங்கி, பைப் ஏற்றும் லாரியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்.

"எதுக்கு வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"அதைத்தான் ஊட்லயும் கேக்குறாங்க," என்றார். "நல்ல சாமானுங்க. பைபர், மரம், இரும்பு எல்லாம் இருக்குது. எதுக்காவது ஆகும்னு வாங்கிப்போட்டேன். ஒன்னு மாட்டுக் கொட்டாய்ல தீனி சிந்தாம தடுப்பா இருக்குதுங்க. ஒன்னு மோட்டார் ரூம்ல அலமாரி. ஒன்னு மச்சான் வாங்கிட்டுப் போனாரு, துணி தேய்க்க."

மீதி இரண்டும் காருக்குப் பின்னால் போர்வை சுற்றிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. போர்வையை எடுத்ததும் மகேஸ்வரி போனை எடுத்துப் படத்தையும் பலகையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பேருந்தில் எனக்குக் காட்டிய படத்தில் இருந்த மாதிரியே ஒன்று. கறுப்பு, 156 சென்டிமீட்டர், கூர்மூக்கு, அடியில் ஒரு கீறல்கூட இல்லை. விரலால் சுண்டினால் பலகை கட்டையாக ஒலித்தது. இன்னொன்று 149. மஞ்சள் நிறம், மேலே உராய்வுத் தடங்கள், விளிம்பு இரும்பில் துரு. அதன் மேல், காலணியைப் பலகையோடு பிணைக்கும் கால்பூட்டு, சின்ன அளவில் மாட்டியிருந்தது. இரண்டின் நடுவிலும் அந்தப் பழைய வாடகைக் கடையின் பெரிய எண் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அகலம் இரண்டிலும் அவர் பாதத்துக்குப் பொருந்தியது. கறுப்பு 24.8, மஞ்சள் 24.

தங்கவேல் கறுப்பை எடுத்து ஒரு முனையைத் தரையில் ஊன்றி நடுவில் அழுத்திக் காட்டினார். லேசில் வளையவில்லை. "பாருங்க அம்மிணி, கல்லாட்டம் நிக்குது. இத வித்த கடைக்காரன் நம்ம சைஸ் ஆளு. இதுலதான் அவனே ஓட்டுவானாம். மஞ்சள் பாருங்க, தொட்டா வளையுது. அது பசங்களுக்கு."

"நான் நாப்பத்தாறு கிலோதாங்க அண்ணா."

"அதனால என்னுங்க? எச்சா தாங்கறதா வாங்குனா என்ன கெட்டுப்போகுது? எடை எப்ப வேணும்னாலும் ஏறும்."

கறுப்பு 16,000, மஞ்சள் 12,000 என்றார். மகேஸ்வரியின் கண் கறுப்பைவிட்டு நகரவில்லை. தேர்வு நடப்பது காலையில், இறுகிய பனியில். இறுகிய பனிக்கு விறைப்பான பலகை வேண்டும் என்று அவர் படித்திருந்தார். அது பொய்யும் இல்லை. அரைமணி நேரப் பேச்சில் கறுப்பு 13,500க்கு இறங்கியது. மகேஸ்வரி சரி என்று சொல்லிவிட்டார். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

கறுப்புப் பலகையின் கால்பூட்டு பெரியது, அவர் காலணிக்குப் பொருந்தாது. மஞ்சளில் இருப்பதைக் கழற்றி அதில் பூட்ட வேண்டும். ஆனால் அதற்குத் தோதான திருகாணி இரண்டு குறைந்தது. "நாமக்கல்ல போல்ட் கடையில இல்லாத சைஸே கிடையாதுங்க," என்றார் தங்கவேல். "நான் இப்ப அங்கதான் வாரேன். நம்ம பைப் லாரி ஸ்பிரிங் பட்டறையில நிக்குது. பூட்டிக் குடுத்து உங்களச் சேலம் பஸ்ல ஏத்தி உட்டர்றேன்." அவர் வீட்டில் சுடச்சுடக் கம்பு தோசையும் தேங்காய்ச் சட்னியும் கொடுத்தார்கள். 11.45க்கு அவருடைய பிக்கப் வண்டியில் இரண்டு பலகையையும் பின்னால் கிடத்திக்கொண்டு புறப்பட்டோம்.

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் 36 கிலோமீட்டர். எலச்சிபாளையம் தாண்டியதும் சாலைக்கு இரண்டு பக்கமும் நீள நீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள். தீவன வாடை காற்றில் கனமாக இருந்தது. முட்டை அட்டைகள் அடுக்கிய வண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பொறுமையாகப் போனது. தங்கவேல் அதை முந்த முயலவே இல்லை. "உள்ள இருக்குறது முட்டைங்க. அவன அவசரப்படுத்துனா ஒடஞ்சு போவும்," என்றார். மகேஸ்வரி பின்கண்ணாடி வழியாகக் கறுப்புப் பலகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

12.50க்குப் பட்டறை. லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மட்டுமே பார்க்கும் இடம். லாரியின் அடியில் வில் போல வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் அல்லவா, அதுதான் சரக்கின் எடையைத் தாங்குவது. தங்கவேலின் லாரி ஜாக்கி மேல் நின்றது. பின் சக்கரம் இரண்டும் கழற்றப்பட்டிருந்தன. பட்டறைக்காரர் செல்லமுத்து அடியில் மல்லாந்து படுத்திருந்தார். டிரைவர் குமரேசன் பக்கத்தில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து, கிளினிக்குக்கு வரும் அந்தத் தொழிலாளியைப் போலவே, இவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலாளியைக் கண்டதும் குமரேசன் ஆரம்பித்துவிட்டார். "ஏனுங்க முதலாளி, ரெண்டு பட்டையையும் கழட்டறாங்களான்னு நின்னு பாத்துட்டுப் போங்க. ஒன்னக் கழட்டிட்டு ஒன்ன உட்டாங்கன்னா நான் வண்டிய எடுக்கமாட்டேன்."

"கழட்டத்தானய்யா சொல்லியிருக்குது."

"போன வருசம் எச்சா ரெண்டு போட்டது யாரு? நானா சொன்னேன்?"

விஷயம் இதுதான். இந்தப் பக்கத்து லாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி கொடுத்த பட்டைகளோடு, எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக ஒன்றோ இரண்டோ போட்டுக்கொள்வார்கள். அதிக பாரம் ஏற்றினாலும் வண்டி உட்காராது. தங்கவேலும் போட்டிருந்தார். அந்தச் சமயம் லாரி நிறைய இரும்புப் பைப் ஏற்றிப் போனது. இப்போது பைப்புக்கு வேறு பெரிய லாரி வந்துவிட்டது. இது டீசலும் சாமான்களும் மட்டும் ஏற்றிக் கிட்டத்தட்டக் காலியாக ஓடுகிறது.

"லோடு இருந்தா ராசாவாட்டம் போகுதுங்க்கா," என்று குமரேசன் என்னிடம் முறையிட்டார். "காலியா வந்தா பட்டை வளையவே மாட்டேங்குது. வளைஞ்சாத்தானே ரோட்டப் புடிக்கும்? ஒவ்வொரு குழிக்கும் வண்டி குதிக்குது. திருப்பத்துல பின்னாடி அப்படியே வழுக்கிட்டுப் போகுது. மழை நாள்ல உசுரக் கையில புடிச்சுட்டு வாரேன்."

மகேஸ்வரி டிரைவரின் இடுப்பைத்தான் கவனிக்கிறார் என்று நான் நினைத்தேன். தொழில் அது. ஆனால் அவர் எழுந்து போய் லாரியின் அடியில் குனிந்து பார்த்தார். பிறகு பிக்கப்பின் பின்னால் போய்க் கறுப்புப் பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"திருப்பத்துல எப்படிங்க வழுக்குது?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"பின்பக்கம் அப்படியே பக்கவாட்டுல கூட்டிட்டுப் போகும் அம்மிணி."

"வளையாததனாலயா?"

"வளையாததனாலதான்."

மகேஸ்வரி தங்கவேலைப் பார்த்தார். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் காலி வண்டி."

தங்கவேலுக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. குமரேசனுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "இந்த அம்மிணிக்கும் எச்சாப் பட்டை போட்டு விக்கப் பாத்தீங்களா?" என்று டயர் மேல் இருந்து விழாத குறையாகச் சிரித்தார்.

"அளந்து பாத்துட்டாப் போச்சு," என்று செல்லமுத்து லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். அவர்கள் பட்டையின் வளைவை அளப்பது மிக எளிய முறை. இரண்டு முனைக்கும் ஒரு நூலைக் கட்டி, நூலுக்கும் பட்டைக்கும் இடையே உள்ள தூரத்தை நடுவில் ஸ்கேல் வைத்துப் பார்ப்பது. அதையே பலகைக்கும் செய்தார். சம உயரத்தில் இரண்டு மரக்கட்டை. அவற்றின் மேல் கறுப்புப் பலகையின் இரு முனைப் பகுதியும் உட்காரும்படி வைத்து, நூலை இழுத்துக் கட்டி, கால் வைக்கும் இரண்டு இடத்தையும் சாக்கட்டியால் குறித்தார்.

மகேஸ்வரி தன் பையிலிருந்து பனிக்காலணியை எடுத்து அந்த வெயிலில் மாட்டிக்கொண்டு ஏறி நின்றார். பலகை 48 மில்லிமீட்டர் இறங்கியது. அடுத்துத் தங்கவேல். "ஒடஞ்சா காசு குடுக்கோணும்," என்று குமரேசன் எச்சரித்தார். "எம் பலகைக்கு நான் யாருக்குடா காசு குடுக்கறது?" என்று சொல்லி ஏறினார். பட்டறைத் தராசில் அவர் 81 கிலோ. பலகை 79 மில்லிமீட்டர் இறங்கியது. அந்தப் பலகையில் ஓட்டிய குலு கடைக்காரரும் அவர் அளவு ஆள்தான். ஆக, இந்தப் பலகை நன்றாக ஓடுவது அந்த 79இல். மகேஸ்வரியால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் கொண்டுவர முடிகிறது.

பிறகு மஞ்சளை வைத்தார்கள். கட்டைகளுக்கு நடுவே இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து, பலகையின் நீளத்துக்கு ஏற்ப. மகேஸ்வரி ஏறினார். செல்லமுத்து குந்தி உட்கார்ந்து ஸ்கேலைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"எழுவத்துநாலு."

கறுப்பில் எண்பது கிலோ ஆளுக்குக் கிடைக்கும் வளைவு, ஏறக்குறைய அப்படியே, மஞ்சளில் 49 கிலோ மகேஸ்வரிக்குக் கிடைத்தது. சென்ற வருடத்து ஆறு துடைப்பங்களுக்கும் காரணம் அங்கே ஸ்கேலில் நின்றது. கார்விங் பலகையின் பக்கவாட்டு விளிம்பு உள்நோக்கி லேசாகக் குழிந்திருக்கும். பலகையைச் சாய்த்து அழுத்தும்போது அந்தக் குழிவு பனியைத் தொடும்வரை அது வளைய வேண்டும். அப்போதுதான் விளிம்பு முழுவதும் பனியில் இறங்கி ஒரே கோட்டில் ஓடும். வளையாத பலகை முனைகளில் மட்டும் கடித்து நடுவில் வழுக்கும். அவருடைய காலில் பலம் இல்லாமல் இல்லை. எச்சாப் பட்டை போட்ட லாரியை ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

மகேஸ்வரி இறங்காமல் மஞ்சளின் மேலேயே நின்று முழங்காலை மடக்கி, விரல் பக்கம், குதிகால் பக்கம் என்று சாய்ந்து பார்த்தார். பலகை ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடியது. பட்டறையில் இருந்த எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். "இதாங்க்கா, இதுதான்," என்று என்னிடம் சொன்னார்.

"இறுகின பனிக்கு விறைப்பு வேணும்னீங்களே?" என்று கேட்டேன். எழுதுகிறவள் கேட்டாக வேண்டும்.

"விறைப்பும் என் எடைக்குத் தக்கதா இருக்கோணும்க்கா. மிச்சத்துக்கு விளிம்பு கூரா இருந்தாப் போதும். தீட்டிக்கலாம்."

இனி தங்கவேல் பக்கத்துக் கூத்து. "இப்பத்தானுங்க தெரியுது இது நல்ல பலகைன்னு," என்று மஞ்சளைத் தடவினார். "பன்னெண்டு பத்தாது. அளந்து பாத்தாச்சில்ல, பதிமூணு குடுங்க."

"அப்பக் கறுப்ப யாருக்கு விப்பீங்க?" என்றார் குமரேசன். "எண்பது கிலோவுல சறுக்குறவன் திருச்செங்கோட்டுல எத்தன பேரு இருக்கான்? நீங்கதான் ஓட்டோணும். கல்லுக் கரட்டுல போய் உருளுங்க."

"நீ இடுப்பப் புடிச்சுட்டு உக்காருய்யா," என்றார் தங்கவேல். ஆனால் பன்னிரண்டுக்கே சம்மதித்தார். கால்பூட்டும் அதிலேயே மாட்டியிருந்ததால் திருகாணி வாங்கும் வேலையும் இல்லை. செல்லமுத்து நைஸ் உப்புத்தாள் வைத்து விளிம்புத் துருவைத் தேய்த்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மகேஸ்வரி குமரேசனுக்கு இடுப்புக்கு மூன்று பயிற்சி சொல்லிக்கொடுத்து, பட்டறைத் தரையில் சாக்கு விரித்துச் செய்து பார்க்கவும் வைத்தார். ரெண்டு பட்டையும் கழற்றிய பிறகுதான் செய்வேன் என்று அவர் சொன்னதால் அதுவரை காத்திருந்தோம்.

நாமக்கல் பேருந்து நிலையத்தில் 3.20க்குச் சேலம் வண்டி. 52 கிலோமீட்டர், ஆளுக்கு 45 ரூபாய். பலகையைப் பார்த்த கண்டக்டர் படியிலேயே நிறுத்தினார். "ஊஞ்சப் பலகையாம்மா?"

"பனியில சறுக்குறதுங்க."

"சேலத்துலயா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் 20 ரூபாய் லக்கேஜ் சீட்டுக் கிழித்தார். பலகை கடைசி இருக்கைக்குப் பின்னால் நின்றுகொண்டு வந்தது. ஐந்து மணிக்கு வீட்டில் இருந்தோம்.

அன்று செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் மகேஸ்வரி வெந்நீர்த் துணி போட்டு அந்த வாடகைக் கடை ஸ்டிக்கரை உரித்தார். அடியில், பலகையிலேயே, சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது: ஓட்டுபவர் எடை 45 முதல் 65 கிலோ. முப்பத்தொரு வருடம் பிறர் மறைத்ததைத் தேடி எழுதியவள், ஒரு ஸ்டிக்கரைத் தூக்கிப் பார்க்கவில்லை. கறுப்பிலும் நிச்சயம் அப்படி ஒன்று இருந்திருக்கும்.

பிப்ரவரியில் தேர்வு நாள் காலை குல்மார்க்கில் பனி கண்ணாடி போல இறுகியிருந்ததாம். விளிம்பை முந்தின நாளே 800 ரூபாய் கொடுத்துத் தீட்டியிருந்தார். ஆறு திருப்பத்தையும் முடித்து நின்றபோது, தேர்வாளர் சரிவில் மேலே ஏறிப் போனாராம். நான்காவது திருப்பத்தில் குனிந்து, தடத்தில் கையுறை விரலை வைத்துப் பார்த்தாராம். விரல் ஒன்றுக்கு மேல் அகலமில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு எனக்குப் போன் வந்தது. பின்னணியில் காற்று வீசியது. "ஆறுமேக்கா, ஆறும் கோடுதான்," என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் சமையலறையில் நின்று இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னேன்.

உங்களில் யாராவது பலகை தேடினால்: முதலில் எடை, உயரம் இல்லை. காலணி, உடுப்போடு நிறுத்துப் பாருங்கள். பலகையில் ஒட்டியிருப்பதை எல்லாம் உரித்து அச்சிட்ட எடை வரம்பைத் தேடுங்கள். உங்கள் எடை அந்த வரம்பின் நடுப்பக்கம் விழுந்தால் நல்லது, கீழ் எல்லைக்குக் கீழே இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விடுங்கள். வெறுங்காலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள், விரலும் குதிகாலும் விளிம்புக்கு அருகில் வர வேண்டும். வரம்பு அழிந்திருந்தால் இரண்டு கட்டையும் ஒரு நூலும் போதும், ஆனால் அந்தப் பலகையில் நன்றாக ஓட்டிய ஒருவரின் எடையும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை. மேல்பூச்சில் கீறல் பரவாயில்லை. விளிம்பு இரும்பு பிய்ந்திருந்தால் வேண்டாம், துரு என்றால் தேய்த்துக்கொள்ளலாம். எங்களுக்கு அன்று எல்லாம் சேர்த்து, பலகை 12,000, பேருந்து, ஆட்டோ, சாப்பாடு, முறுக்கு, லக்கேஜ் சீட்டு உட்பட, 12,444 ரூபாய் ஆனது.

மகேஸ்வரி டிசம்பரிலிருந்து மூன்று மாதம் குல்மார்க்கில் இருப்பார். டாக்டர் விடுப்புக் கொடுத்துவிட்டார், இதுதான் கடைசி என்று இந்த முறை சொல்லவில்லை. நீங்கள் அங்கே போய் அவருடைய வகுப்பில் சேர்ந்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே உங்கள் எடையைக் கேட்பார். கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள்.